குழந்தைக்கு மருத்துவக் காப்பீடு: அட்டை எதற்குச் செல்லும், எங்கே நின்றுபோகும்?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த பெற்றோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மூன்று. "அட்டை இருக்குது, காய்ச்சலுக்குச் செல்லாதுங்கறாங்களே?" "எங்க ரெண்டு பேர் பேரும் இருக்குது, குழந்தை பேரு இல்லையாம், என்ன பண்றது?" "கம்பெனியில இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்க, அது குழந்தைக்குச் செல்லுமா?"

மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் திட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கினால்தான் பதிலும் விளங்கும். சிக்கல் மருத்துவரின் மேசையில் தொடங்குவது குறைவு. பெரும்பாலும் அது ரேஷன் கார்டில், குழந்தை நோய்ப்படுவதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது.

எந்தக் காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறோம்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கென்று தனிக் காப்பீட்டு அட்டை கிடையாது. காப்பீடு குடும்பத்துக்கு. குழந்தை அந்தக் குடும்பத்தின் உறுப்பினராகத்தான் உள்ளே வருகிறது. இந்த ஒரு வரி பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

2009 ஜூலையில் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இன்றும் "கலைஞர் காப்பீடு" என்று சொல்வது அதனால்தான். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதோடு இணைக்கப்பட்டது. ஆகவே முதல்வர் காப்பீடு வேறு, பிரதமர் காப்பீடு வேறு என்று இரண்டு அட்டைக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே ஏற்பாடு.

2022 ஜனவரி 11 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று போடப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் யுனைடெட் இந்தியா. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். அதை அரசு கட்டுகிறது. பயனாளி கட்ட வேண்டியது எதுவும் இல்லை. "அட்டை போட்டுத் தருகிறேன், ஆயிரம் ரூபாய் கொடு" என்று யாராவது வந்தால் அது திட்டத்தின் கட்டணமல்ல, தரகு.

ஐந்து லட்சத்தின் கணக்கு

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. ஆளுக்கு ஐந்து லட்சம் அல்ல. தாத்தாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆகி அதில் ஒரு பகுதி செலவாகியிருந்தால், அதே ஆண்டில் பேத்திக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். கூட்டுக் குடும்பமாக ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஆண்டு என்பது இங்கே காலண்டர் ஆண்டோ ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டோ அல்ல. 2022 ஒப்பந்தத்தின்படி ஜனவரி 11 முதல் அடுத்த ஜனவரி 10 வரை ஒரு காப்பீட்டு ஆண்டு. குடல் இறக்கம், திட்டமிட்டுச் செய்யும் எலும்பு அறுவை போன்றவற்றுக்கு மருத்துவர் "அவசரமில்லை" என்று சொல்லியிருந்தால், தொகை தீர்ந்த குடும்பம் தைப் பொங்கலை ஒட்டித் தேதி வாங்குவது புத்திசாலித்தனம். அவசரம் என்று சொன்ன எதையும் இந்தக் கணக்குக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

உள்ளே இன்னொரு பிரிப்பும் இருக்கிறது. முதல் 1 லட்சம் வரை காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு. அதற்குமேல் 5 லட்சம் வரை அரசே நேரடியாகப் பொறுப்பேற்கிறது. இதனால் நோயாளிக்கு வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் செலவு கூடிய சிகிச்சைக்கு ஒப்புதல் ஏன் கூடுதல் கைகள் மாறி வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

எதற்கு உண்டு, எதற்கு இல்லை

இது மருத்துவச் செலவுக் காப்பீடு அல்ல. பட்டியலிட்ட சிகிச்சைக் காப்பீடு. 2022 ஒப்பந்தம் தொடங்கியபோது பட்டியலில் 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள் இருந்தன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு மொத்தத் தொகை நிர்ணயித்திருப்பார்கள். அதைத்தான் "பேக்கேஜ்" என்கிறார்கள். படுக்கை, அறுவை அரங்கு, மருந்து, மயக்க மருத்துவர், பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடக்கம். மருத்துவமனையின் தரநிலையைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். அது மருத்துவமனைக்கும் திட்டத்துக்கும் இடையிலான கணக்கு.

குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுபவை: இதயத்தில் ஓட்டை உள்ளிட்ட பிறவி இதயக் குறைபாடுகள், உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, ஆசனவாய் சரியாக உருவாகாமல் பிறத்தல், சிறுநீர்ப் பாதைக் குறைபாடுகள், வளைந்த பாதம், குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சை, இரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபி, தீக்காயம், சிறுநீரகக் கோளாறு.

பெற்றோர் எதிர்பார்த்து ஏமாறுவது இவற்றில்:

1. வெளிநோயாளி சிகிச்சை. டாக்டர் பீஸ், சிரப், நெபுலைசர், வழக்கமான இரத்தப் பரிசோதனை எதற்கும் அட்டை செல்லாது.
2. சாதாரண காய்ச்சல், வயிற்றுப்போக்குக்காக ஓரிரு நாள் தனியார் மருத்துவமனையில் படுப்பது.
3. கண்ணாடி, பல் சீரமைப்பு, தனியாரில் போடும் கூடுதல் தடுப்பூசிகள்.
4. முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துப் பணம் கேட்பது. இது ரொக்கமில்லாத் திட்டம். முன் ஒப்புதல் வாங்காமல் முடிந்துபோன சிகிச்சைக்குப் பணம் திரும்பி வராது.

ஒரு ஏழைக் குடும்பம் குழந்தைக்காகச் செய்யும் செலவில் பெரும்பங்கு முதல் இரண்டு வரிசையில்தான் வருகிறது என்பதை மறுக்க முடியாது. அட்டை பெரிய அடியைத் தாங்கும். மாதாமாதம் விழும் சின்ன அடிகளைத் தாங்காது. திட்டத்தை வாழ்த்துகிறவர்களும் வைகிறவர்களும் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும்: வருமானக் கணக்கு

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2022-இல் அது 1,20,000 ஆக உயர்ந்தது. அதாவது மாதம் 10,000. 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலின் வழியே ஆயுஷ்மான் பாரத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு இந்த வருமானச் சான்று தேவையில்லை. தங்கள் குடும்பம் அந்தப் பட்டியலில் இருப்பதே பலருக்குத் தெரியாது. ரேஷன் கார்டு எண்ணைச் சொன்னால் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

கொங்கு வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் இங்கேதான். இங்கே கூலி வேலை என்பது ஆலை, பனியன் கம்பெனி, தறிப்பட்டறை, கோழிப்பண்ணை. ஏழ்மை இருக்கிறது, ஆனால் கையில் மாதம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது. எடுத்துக்காட்டாக, பவர்டேபிளில் (பனியன் தைக்கும் மின் தையல் இயந்திரத்தில்) ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்கும் டெய்லர் மாதம் 26 நாள் போனால் 13,000. ஆண்டுக்கு 1,56,000. வீட்டுக்காரம்மா செக்கிங் வேலைக்குப் போனால் அதுவும் சேரும். கணக்குப்படி இந்தக் குடும்பம் வரம்புக்கு வெளியே. வாடகை, பள்ளிக் கட்டணம், வட்டி எதையும் விதி கழிப்பதில்லை.

இந்த இடத்தை நிரப்ப வேண்டியது இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளி என்பது அதன் எல்லை. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். 13,000 சம்பளக்காரருக்குப் பிடித்தம் நூறு ரூபாய்க்குக் கீழே. அதற்கு வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் குடும்பத்துக்கே உண்டு. குழந்தையின் காய்ச்சலுக்கும் செல்லும். படித்துக்கொண்டிருக்கும், பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு 21 வயது வரை; மணமாகாத மகளுக்கு அந்த வயது வரம்பும் இல்லை. குழந்தையின் பார்வையில் பார்த்தால் முதல்வர் காப்பீட்டைவிட இ.எஸ்.ஐ. அகலமானது. பிடித்தம் போகிறதே என்று "எனக்கு இ.எஸ்.ஐ. வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கும் தொழிலாளிகள் இழப்பது என்னவென்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆனால் இ.எஸ்.ஐ.யிலும் அதே ஓட்டை: குழந்தையின் பெயர். வேலையில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகாதவர், பிறகு மனைவி, குழந்தை பெயரைச் சேர்த்திருக்க மாட்டார். கம்பெனி அலுவலகத்தில் சொல்லி, ஆதார் நகல் கொடுத்து, இ.எஸ்.ஐ. இணையப் பதிவில் குழந்தையைச் சேர்த்து, அட்டையைப் புதிதாக அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம், பிறகு கோவை சிங்காநல்லூர் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் பரிந்துரைக் கடிதத்தோடு இணைப்பில் உள்ள தனியார் மருத்துவமனை. உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர, கடிதம் இல்லாமல் நேரே தனியாருக்குப் போனால் பில் தொழிலாளி தலையில்தான்.

மிச்சம் ஒரு கூட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட், சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்துச் சிறு தறிப்பட்டறைகள். இ.எஸ்.ஐ.யும் இல்லை, வருமானமும் வரம்பைத் தாண்டுகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வருமான வரம்பு வைத்ததன் விளைவு இது. தொழில் நகரத்தின் கூலியும் வாடகையும் வேறு, மானாவாரிக் கிராமத்தின் கூலி வேறு. இந்தக் குடும்பங்களுக்கு உள்ள வழி இறுதிக்கு முந்தைய பகுதியில்.

குழந்தையின் பெயர் எங்கே விட்டுப்போகிறது

முதல்வர் காப்பீட்டில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ள குடும்பம். அட்டைதாரர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத குழந்தை காப்பீட்டின் கண்ணுக்குத் தெரியாத குழந்தை. பெயர் போய்ச் சேர வேண்டிய சங்கிலி இது:

1. பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் கட்டணமில்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும்.
2. சான்றிதழில் பெயர். பதிவு நடக்கும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்தும் வரை பெயரை எழுத்தில் ஏற்றாமல் விடும் வீடுகளில் முதல் தடங்கல் இங்கே.
3. ஆதார். 5 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துத் தருவார்கள். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.
4. ரேஷன் கார்டில் உறுப்பினர் சேர்ப்பு. இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்து, ஏற்றுக்கொண்டார்களா என்று பார்க்காவிட்டால், தெளிவில்லாத நகல் என்ற காரணத்தால் தள்ளுபடியானதே தெரியாமல் போகும்.
5. காப்பீட்டுப் பதிவில் சேர்ப்பு. ரேஷன் கார்டில் ஏறிவிட்டது என்பதால் காப்பீட்டில் தானாக ஏறிவிட்டது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

எழுத்துப் பிழை தனிக் கதை. பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடியிருக்கும், தலைப்பெழுத்து முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில். ஒப்புதல் தருகிறவர் குழந்தையைப் பார்ப்பதில்லை, திரையில் ஏற்றிய நகல்களைத்தான் பார்க்கிறார். பிறப்புச் சான்றில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொள்வது எளிது. மறுபக்கமாகத் திருத்துவது இழுக்கும்.

இன்னும் மூன்று நிலைமைகள் இங்கே அடிக்கடி வருகின்றன. ஒன்று, தனிக்குடித்தனம் போய்ப் புது ரேஷன் கார்டு வாங்கியவர்கள். பழைய காப்பீட்டு எண் அப்பா வீட்டுக் கார்டோடு கட்டியது. புதுக் கார்டுக்குப் புதிதாகப் பதிய வேண்டும். இரண்டு, பெற்றோர் திருப்பூரில், குழந்தை ஊரில் பாட்டியிடம். குழந்தையின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் காப்பீடுதான் செல்லும். பாட்டி கார்டுக்கு மாற்றியிருந்தால் பாட்டியின் அட்டையைத்தான் எடுத்துப் போக வேண்டும். மூன்று, மதுரை, திண்டுக்கல், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்கள். அட்டை மாநிலம் முழுவதும் செல்லும். சொந்த மாவட்டத்தில் போட்ட அட்டையை வைத்துக் கோவையில் சிகிச்சை பெறத் தடையில்லை.

பதிவுக்குத் தேவை: ரேஷன் கார்டு, உறுப்பினர் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று. சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டணம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று மேலேறி வரும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள், மனுக் கொடுக்க வரும் கூட்டம் அதிகம். வேறு நாளில் போவது நல்லது. வால்பாறையிலிருந்தோ தாளவாடியிலிருந்தோ இதற்காக மலையிறங்கி வருவது ஒரு முழுநாள் கூலியும் பஸ் செலவும். மலைக் கிராம மக்களுக்கு ஊரிலேயே பதிவு நடக்காவிட்டால் இந்தத் திட்டம் கீழ்நாட்டுத் திட்டமாகவே இருக்கும். மருத்துவ முகாம்களில் பதிவு மேசை போடுவதுண்டு. முகாம் அறிவிப்பு வரும்போது அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு வைக்கலாம்.

மருத்துவமனையில் நடப்பது என்ன

1. சேர்க்கும்போதே, பில் போடும் கவுண்டருக்கு முன், காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள். இணைப்பு மருத்துவமனை, அதாவது திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, ஒவ்வொன்றிலும் இதற்கென்று ஆள் இருப்பார்.
2. கேட்க வேண்டிய கேள்வி "இங்கே காப்பீடு எடுப்பீங்களா?" என்பதல்ல. "இந்தக் குழந்தைக்கு, இந்த நோய்க்கு, இங்கே காப்பீட்டில் செய்வீங்களா?" என்பது. மருத்துவமனைகள் துறைவாரியாகத்தான் இணைக்கப்படுகின்றன. பெரியவர்களின் எலும்பு அறுவைக்கு இணைந்த இடம் குழந்தை இதய அறுவைக்கு இணைந்திருக்க வேண்டும் என்பதில்லை.
3. மருத்துவர் நோயை உறுதி செய்து, ஸ்கேன், எக்கோ, ஆய்வக முடிவுகளோடு முன் ஒப்புதல் கேட்டு இணையத்தில் அனுப்புவார்.
4. காப்பீட்டுத் தரப்பு மருத்துவர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள், அல்லது விளக்கம் கேட்பார்கள். அதைத்தான் "க்வெரி" என்கிறார்கள். திட்டமிட்ட சிகிச்சைக்கு வழக்கமாக ஒரு நாள் அளவில் முடிவு தெரியும். அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கலாம்.
5. சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் சுருக்கமும் கையொப்பமும் வாங்கி, மருத்துவமனை தன் தொகையைத் திட்டத்திடம் கேட்கும். உங்களிடம் கேட்கக் கூடாது.

பச்சிளம் குழந்தைக்கு எந்தச் சான்றும் இருக்காது. பிரசவத்துக்குப் போகும்போதே தாயின் பெயருள்ள காப்பீட்டு எண்ணும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய அன்றே கவுண்டரில் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் அந்த மூன்று நாள் பில் வழக்காகும்.

"கூட இவ்வளவு கட்டுங்க" என்றால்

பேக்கேஜ் தொகை போதவில்லை, உயர்ந்த தரக் கருவி, தனி அறை, மருந்து வெளியே வாங்கணும் என்று பல பெயரில் இது வரும். தனியறை நீங்களாகக் கேட்டதென்றால் அது வேறு. மற்றபடி, ஒப்புதல் வந்த சிகிச்சைக்குக் கூடுதல் பணம் வாங்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை.

வாயால் சொன்னதற்குப் பணம் கட்டாதீர்கள். எதற்கு என்று பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே பல நேரம் பதிலாகிவிடும். கட்டணமில்லா எண் 1800 425 3993-இல் காப்பீட்டு எண், குழந்தை பெயர், மருத்துவமனை, தேதி சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. குழந்தை இன்னும் உள்ளே படுத்திருக்கும்போதே புகார் செய்வதுதான் பலன் தரும்.

நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். "பெயர் பொருந்தவில்லை" என்றால் ஆவணத்தைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். "ஆவணம் போதாது" என்றால் மருத்துவமனை அனுப்ப வேண்டிய பேப்பர் பாக்கி. "பட்டியலில் இல்லை" என்றால் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றுவதைப் பற்றி அன்றே யோசிக்க வேண்டும்.

காது கேளாத குழந்தை: நேரம்தான் எல்லாம்

காக்ளியர் இம்பிளாண்ட் எனப்படும் உள்காதுக் கருவி பொருத்தும் சிகிச்சை 5 லட்ச வரம்புக்குள் வராத அளவு செலவானது. கல்லீரல், சிறுநீரக, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைகளைப் போல இதற்கும் தனி நிதியிலிருந்து பணம் தருகிறார்கள். நிபுணர் குழு பார்த்து ஒப்புதல் தரும். வயது வரம்பு 6.

ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் தவறு. பேச்சைக் கற்கும் மூளைத்திறன் முதல் மூன்று ஆண்டுகளில்தான் உச்சம். அதோடு, வரிசையாகப் பல வேலைகள் இருக்கின்றன: செவித்திறன் பரிசோதனைகள், உள்காது நரம்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன், சில மாதம் சாதாரண செவிக்கருவி போட்டுப் பார்ப்பது, மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசிகள், குழுவின் ஒப்புதல். நான்கு வயதில் தொடங்கினால் ஐந்தரை ஆகிவிடும்.

அறுவைக்குப் பிறகு ஓராண்டு பேச்சுப் பயிற்சி. பயிற்சிக்குக் கூட்டிப்போக முடியாமல் நிறுத்திவிட்டால் கருவி காதில் இருந்தும் குழந்தைக்குப் பேச்சு வராது. வெளியே மாட்டும் கருவியின் பேட்டரி, வயர், சுருள் ஆகியவை தேயும். பின்னாளில் அந்தச் செலவு குடும்பத்தின் கையில் வந்து நிற்கும். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டையே இல்லாவிட்டால்

அரசு மருத்துவமனையில் "காப்பீட்டு அட்டை கொண்டு வாங்க" என்று கேட்பதைக் கேட்டு, அட்டை இல்லையென்றால் சிகிச்சை இல்லை என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. அது அப்படியல்ல. அங்கே சிகிச்சை இலவசம்தான், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அட்டை இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரும். கருவிகளுக்கும் மருந்துக்கும் அது உதவும். கேட்பதன் காரணம் அதுதான். கோவை, பெருந்துறை, சேலம், கரூர் கல்லூரி மருத்துவமனைகளோடு 2022 ஜனவரியில் தொடங்கிய திருப்பூர், நாமக்கல், நீலகிரி மருத்துவக் கல்லூரிகளும் இப்போது இந்த வட்டாரத்துக்கு இருக்கின்றன. ஒரு வயது வரையான நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் ஏற்பாடு.

வருமானம் பார்க்காத இன்னொரு வழி 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து, 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கும் அதன் வேலை. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இதய ஓட்டை, வளைந்த பாதம் போன்றவை இந்த வழியில் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சைக்கான ஏற்பாட்டையும் அவர்களே முன்னெடுப்பார்கள். குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

சாலை விபத்துக்கு வேறு கதவு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை, வருமானம், மாநிலம் எதையும் கேட்பதில்லை. இணைப்பு மருத்துவமனையில் சேர்த்தால் போதும்.

வடமாநிலக் குடும்பங்கள்

திருப்பூர், கோவைத் தொழிற்பேட்டைகளில் குடும்பத்தோடு தங்கிவிட்ட பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொந்த மாநிலத்தில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை. அதைத் தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனையில் பயன்படுத்தலாம். ஆனால் குழந்தையின் பெயரும் அதில் ஏறியிருக்க வேண்டும். பெரும்பாலும் அப்பா பெயரில் மட்டும் அட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறியிருப்பார்கள். இரண்டு, ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பவர்கள் தொழிலாளர் துறையின் சான்றோடு முதல்வர் காப்பீட்டிலேயே சேரலாம். இதற்குக் கம்பெனியின் ஒத்துழைப்பு வேண்டும்: வேலை செய்கிறார் என்ற கடிதம், தங்கியிருக்கும் இடத்தின் விவரம், குடும்ப உறுப்பினர் பட்டியல். மொழி தெரியாத ஒருவரால் இதைத் தனியாகச் செய்து முடிப்பது கடினம். ஆள் எடுக்கும் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு, சேரும்போது ஆதார் நகல் வாங்கும் அதே நாளில் குடும்பப் பட்டியலையும் வாங்கி வைத்தால், ஆறு மாதம் முடிந்ததும் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.